மணியம் ஓட்டவில்லை

மூன்றாவது முறையும் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள் புஷ்பவள்ளி. வாசலில் நான்கு பேர் கெமா கூடாரத்தின் இரும்புக் கால்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் சிமெண்டுத் தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது. கைப்பேசியை நைட்டியின் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்பா பாயில் கிடந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியின் முடிச்சு உச்சந்தலையில் முயல் காது போல நிமிர்ந்து நின்றது. குனிந்து அதை அமுக்கிவிட்டாள். கையை எடுத்ததும் மறுபடி நிமிர்ந்தது. இன்னொரு முறை அமுக்கினாள்.

"போலீஸ் பலாய்ல சாவு பெர்மிட் குடுத்துட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஆறுமுகம் உள்ளே வந்தார். தோட்டத்துக் கோயிலின் தலைவர் அவர். காலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெடாஸ் போலீஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில், அவருடைய இடது காலின் தாங்கல் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. "பெட்டி பத்தரைக்கு வந்துரும். நாலு மணிக்கு எடுத்துரலாம். சிரம்பான் மின்சுடலையில நேரம் கேட்டுட்டேன். தம்பி எங்க வராப்ல?"

"யோங் பெங் தாண்டிட்டானாம்."

"சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன்."

"தம்பின் ஊர்ல?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை. கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினாள்.

காலை ஐந்து மணிக்கு அப்பா தானாகவே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தாள். பாதி குடித்தார். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தம்பின்ல சொல்லிரு புஷ்பம்" என்றார். "காலங்காத்தால என்ன பேச்சு இது? குடிங்க" என்றாள் அவள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். வேறு ஏதோ சொல்லப்போகிறவர் போல இருந்தது. துணி போட வேண்டும் என்று அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். துவைக்கும் இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு, வாசல் கூட்டி, திரும்பி வந்து பார்த்தபோது தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மைலோ அவர் கட்டியிருந்த சாரத்தில் கொட்டி ஈரம் காயாமல் இருந்தது.

கடைசிப் பேச்சும் தம்பினைப் பற்றித்தான். அதுதான் காலையிலிருந்து அவளை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை.

தம்பின் என்றால் செல்லம். செல்லம் என்றால் மணியத்தின் மனைவி.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா நல்லசாமி, தோட்டத்து லோரியை ஓட்டினார். மணியம் அவருடைய கெலிண்டான்; வண்டியில் கூடவே உட்கார்ந்து போய், ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்குகிறவன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இருபது பேரை அடுத்த டிவிஷனுக்கு ஏற்றிப் போன லோரி, ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவில் கவிழ்ந்தது. மூன்று பெண்கள் இறந்தார்கள். முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த மணியமும் இறந்தான். ஆறுமுகத்தின் கால் அன்றைக்குப் போனதுதான். நல்லசாமிக்கு நெற்றியில் மட்டும் ஒரு வெட்டு.

போலீஸ் கேட்டபோது, மணியம்தான் ஓட்டினான் என்று நல்லசாமி சொன்னார். லைசென்ஸ் இல்லாதவன், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினான், நான் கொடுத்துவிட்டேன், என் தப்பு அதுதான் என்றார். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியாது. மழைக்காகத் தார்ப்பாய் போட்டிருந்தது. நல்லசாமி காலையிலேயே சம்சு சாராயம் குடித்திருந்ததைப் பார்த்தவன் மணியம் ஒருவன்தான்.

எல்லாரும் நம்பினார்கள். செல்லம் வீட்டு வாசலில் மண் அள்ளிப் போட்டார்கள். குழாயடியில் அவள் வந்தால் மற்றப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த வருஷத் திருவிழாவில் அவள் பொங்கல் பானையைக் கோயிலுக்குள் விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பினுக்குப் போய், பாசார் சந்தையில் கீரை விற்று அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஏழு வருஷம் அப்படியே போனது. அம்மாகூட உண்மை தெரியாமலேதான் இறந்துபோனாள்.

முகுந்தன் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். ஜோகூர் பாருவில் வேலை. காரை விட்டு இறங்கி நேராக வந்து, பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டில் நின்றான். அழுகை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். பிறகு அக்காவைத் தேடி சமையலறைக்கு வந்தான்.

"தலைவர் என்னமோ தம்பின் தம்பின்னு கேக்கறாரு. அவங்கள எல்லாம் கூப்பிடாதக்கா."

"அப்பா சொல்லச் சொன்னாரு."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. வந்து கெமாவுல நின்னு நாலு வார்த்த கத்துனா யாரு வாங்கிக் கட்டிக்கிறது? இவ்வளவு பேரு வந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் மரியாதையா போகட்டும் லா."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனால் தலையாட்டவும் முடியவில்லை. காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கூடாரத்தில் அவள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் இருந்தது. தோட்டத்தை விட்டுப் போய் எங்கெங்கோ குடியேறியவர்கள் வந்திருந்தார்கள். அவளுக்குப் பாதிப் பேரைத் தெரியவில்லை. வெள்ளை ரோஜா வளையத்தோடு வந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எல்சி. போர்டிக்சன்லேர்ந்து வரேன். எங்கம்மா அந்த லோரியிலதான் போனாங்க."

புஷ்பவள்ளிக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஜெயில்லேர்ந்து வந்த பெறகு ஒங்கப்பா எங்க வீட்டுக்கு மூணு தடவ வந்தாரும்மா. மொத தடவ எங்கப்பா செருப்பாலயே அடிச்சாரு. கேட்டுக்கு வெளிய போயி நின்னுக்கிட்டு, 'அடிங்கண்ணே, ஆனா கேட்டுக்குங்க, மணியம் ஓட்டல, நான்தான் ஓட்டுனேன்'னாரு. மறு வாரமும் வந்தாரு. மூணாவது தடவதான் எங்கப்பா உள்ள விட்டாரு. எங்கப்பா சாகறப்போ ஒங்கப்பாதான் பக்கத்துல இருந்தாரு, தெரியுமா? ஜெபம்லாம் சொன்னாரு, தெரியாத ஜெபத்த தப்பும் தவறுமா." எல்சி சிரிக்கவும் அழவும் செய்தாள். "நல்ல மனுஷன்மா."

"காப்பி எடுத்துக்குங்க" என்றாள் புஷ்பவள்ளி.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிக்குக் குடையும் ஒரு பிளாஸ்டிக் பையுமாக அப்பா பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று இருந்தார். யாராவது காரில் ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டாலும் ஏறமாட்டார். இருட்டுவதற்குள் திரும்பி வருவார். "குளுவாங் போயிட்டு வந்தேன்" என்பார். இல்லையென்றால் "சிகாமட்" என்பார். ஊர் பேர் மட்டும்தான். அவள் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். அதனாலேயே கேட்டதில்லை.

ஆறுமுகம் இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "கோயில் சாவிய யாரு வச்சிக்கிறதுன்னு தகராறு வந்தப்போ நான் நல்லசாமி பேரச் சொன்னேன். எல்லாரும் என்ன அடிக்க வந்தாங்க. பொய் சொன்னவன் கையில அம்மன் வீட்டுச் சாவியான்னாங்க. நான் சொன்னேன், அந்தாளு ஒரு பொய் சொல்லிட்டுப் பட்ட பாட்ட நான் பாத்திருக்கேன், இன்னொன்னு சொல்ல மாட்டாருன்னு. பன்னெண்டு வருஷம்பா. ஒரு குத்துவெளக்கு எடம் மாறல."

நல்ல மனுஷன். தங்கமான மனுஷன். வருகிற ஆளெல்லாம் இதையே சொன்னார்கள். தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போனாள், அலமாரியைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள், பின்கட்டுக்கு வந்தாள். துவைக்கும் இயந்திரத்தில் காலையில் போட்ட துணி முறுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. எடுத்து உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். சாவு வீட்டில் துணி காயப்போடுகிறாளே என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பார்த்தார்கள்.

லோரி கவிழ்ந்த ஏழாவது வருஷம் அவளுக்கு இருபத்து நான்கு வயது. போர்டிக்சனில் மாப்பிள்ளை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. தோட்டத்தை விட்டுப் போன பழைய ஆட்களுக்குப் பத்திரிகை வைக்க அப்பா தம்பினுக்குப் போனார். பாசாரில் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த செல்லம், அவரைக் கண்டதும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினாளாம். "அண்ணே, அன்னிக்கு அவருகிட்ட வண்டியக் குடுத்த பாவத்துக்கு நீங்களும் உசுர விட்டிருப்பீங்க. எம்புருஷன் செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேண்ணே" என்றாளாம்.

அன்றைக்கு அப்பா மீதிப் பத்திரிகைகளோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து எல்லாரும் கலையும்போது கோயில் வாசலில் நின்றுகொண்டு, செல்லம் சொன்னதையும் தான் செய்ததையும் சொன்னார். பூசாரி தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அங்கிருந்தே நடந்து போலீஸ் நிலையத்துக்குப் போனார். இரண்டு வருஷம் சிறையில் இருந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளையின் மாமா வந்து முற்றத்தில் நின்றபடியே, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. இரண்டும் விசாரித்துவிட்டு நின்றுபோனது. பிறகு அவள் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். இந்தத் தமான் குடியிருப்பில் வீடு வாங்கினாள். வெளியே வந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டாள். முகுந்தன் திரும்பியே பார்க்கவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், மருந்து கொடுத்தாள். அவர் ஊர் ஊராகப் போய் மன்னிப்புக் கேட்டார். பத்தடி தூரத்தில் இருந்த அவள் அறை வாசலுக்கு மட்டும் இருபது வருஷமாக வரவில்லை.

கடைசிச் சட்டையைக் கொடியில் போட்டாள். அப்பாவுடைய சட்டை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடாரத்திலிருந்து மறுபடியும் யாரோ, "அவரு மாதிரி ஆளு வராதுங்க" என்றார்கள்.

அவரை நல்லவர் என்று சொல்லாத ஓர் ஆள் இங்கே வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஓர் ஆள் போதும்.

கைப்பேசியை எடுத்தாள். இம்முறை துண்டிக்கவில்லை.

"ஹலோ?" பின்னால் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. செல்லத்தின் மகன் சசிதரன் டயர் கடை வைத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"நான் பெடாஸ்லேர்ந்து பேசறேன். புஷ்பவள்ளி. நல்லசாமி மவ."

இரைச்சல் நின்றது. "சொல்லுங்க."

"அப்பா காலையில தவறிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கறோம். ஒங்கம்மாவுக்குச் சொல்லச் சொல்லியிருந்தாங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள்.

"சொல்றேன். வர்றது அவங்க இஷ்டம்" என்றான். வைத்துவிட்டான்.

மூன்றேகாலுக்குத் தெருமுனையில் ஒரு பழைய வீரா கார் வந்து நின்றது. செல்லம் மட்டும் இறங்கி வந்தாள். குளித்துத் தலையை ஈரத்தோடு முடிந்திருந்தாள். கையில் பூவோ மாலையோ இல்லை. சசிதரன் காரைவிட்டு இறங்கி, கதவில் சாய்ந்து, அங்கேயே நின்றுகொண்டான்.

கூடாரத்தில் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. முகுந்தன் எழுந்து வழியில் வந்து நின்றான்.

"என்ன வேணும்ங்க?"

"நான்தான்டா கூப்பிட்டேன்" என்றாள் புஷ்பவள்ளி. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "தள்ளு."

முகுந்தன் அக்காவைப் பார்த்தான். பிறகு ஒதுங்கினான்.

செல்லம் பெட்டியின் கால்மாட்டில் வந்து நின்றாள். மாரில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவும் இல்லை. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் எதையோ சரிபார்க்கிறவள் போல இருந்தது. நெற்றி வெட்டின் தழும்பில் அவள் கண் சற்று நேரம் நின்றது.

"காலையில ஏதாச்சும் குடிச்சாரா?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"மைலோ. பாதி" என்றாள் புஷ்பவள்ளி.

"ம்."

வாய்க்கரிசி போடும்போது எல்சி முதற்கொண்டு எல்லாரும் முன்னால் வந்தார்கள். ஆறுமுகம் அரிசித் தட்டைச் செல்லத்தின் பக்கம் நீட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்தாள். ஆறுமுகம் வற்புறுத்தாமல் அடுத்தவரிடம் போனார். புஷ்பவள்ளிக்கு என்னவோ ஒரு மூச்சு இறங்கியது.

நான்கு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். முகுந்தன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெட்டியைத் தூக்கியவர்கள் கேட்டைத் தாண்டும்போது, ஒரு பக்கம் இடித்து, "மெதுவா, மெதுவா" என்று குரல்கள் எழுந்தன. சவ வண்டி தெருவைவிட்டுத் திரும்ப சசிதரனின் கார் தடையாக இருந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கத் தயங்கினார். சசிதரன் வாயிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, காரைப் பின்னுக்கு எடுத்து, புல்லில் ஏற்றி வழிவிட்டான்.

ஆறுமுகம் தாங்கித் தாங்கி அவனிடம் போனார். "வேன்ல எடம் இல்ல தம்பி. என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

சசிதரன் தெருவைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். "ஏறுங்க அங்கிள்" என்றான்.

அப்படித்தான் அவனும் சிரம்பானுக்குப் போனான். செல்லம் இங்கே இருந்துவிட்டாள்.

பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். எல்சி தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அரைமணி நேரத்தில் வீடு காலியாகிவிட்டது. கூடத்தில் உதிர்ந்த பூவும், அரிசியும், சாம்பலும் கிடந்தன. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லம் உட்கார்ந்திருந்தாள்.

புஷ்பவள்ளி வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தரையில் அடித்தாள். விளக்குமாற்றை எடுத்துத் தள்ளினாள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை. அதையே தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சுவரெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"சும்மாதான் வந்தீங்களா?" என்று கேட்டாள், நிமிராமல்.

"பாக்க வந்தேன்."

"எல்லாரும் நல்லவரு நல்லவருன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒன்னும் சொல்லல."

"நான் எப்படிச் சொல்லுவேன்?" செல்லத்தின் குரலில் கோபம் இல்லை. "ஏழு வருஷம் எம்புருஷன நானே திட்டியிருக்கேன். படத்த சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தேன். அது யாரால? மன்னிச்சுட்டேன்னு ஒரு நாளும் அவருகிட்டச் சொல்லல. அவரும் கேக்கல. வருஷா வருஷம் எம்புருஷன் செத்த தேதிக்கு ஒங்கப்பா வருவாரு. மொத நாலு வருஷம் கதவத் தொறக்கல. வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பாரு, போயிருவாரு. அப்பறம் ஒரு வருஷம் மழை. நாற்காலிய வெளிய எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

செல்லம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல். சசியும் அவன் பொண்டாட்டியும் வேலைக்குப் போயிட்டாங்க. பேத்திய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். இவரு அன்னிக்குன்னு வந்திருந்தாரு. போயி கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. 'நானாம்மா? நானா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. வேற ஆள் இல்லன்னு சொன்னேன்."

தண்ணீர் வாசல்படியில் சொட்டும் சத்தம் கேட்டது.

"வேற ஆள் இருந்துச்சு" என்றாள் செல்லம். "பக்கத்து வீட்டுப் பையன் கார் வச்சிருக்கான், கேட்டா போயிருப்பான். நான் இவரத்தான் அனுப்புனேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. போயி ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்கு உசுரே இல்ல. கடைசியில பெரிய மழையில நடந்தே வராரு. கொடை முழுக்க புள்ள பக்கம். அவரு தொப்பலா நனைஞ்சு. புள்ளைக்குச் செருப்புகூட நனையல, தூக்கிக்கிட்டு வந்திருக்காரு. அந்த வயசுல."

புஷ்பவள்ளிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நனைந்து வந்து, ஈரச் சட்டையைக் கழற்றாமலே, காப்பி கேட்டு இரண்டு கோப்பை குடித்தார். என்னவோ மெதுவாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவள் கத்தினாள். மறுநாள் சளி பிடித்தது. ஏன் நனைந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

மறுபடி கறையைத் தேய்த்தாள்.

"என்னப் பத்தி என்னிக்காச்சும் பேசியிருக்காரா?"

செல்லம் சேலைத் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"ஒரு தடவ. ஒனக்குக் கல்யாணம் நின்னுபோனதச் சொன்னாரு. எல்லாருகிட்டயும் போயி சொல்லிட்டேம்மா, எம்மவகிட்ட மட்டும் வாய் வரமாட்டேங்குது, கதவு வரைக்கும் போறேன், திரும்பி வந்துர்றேன்னாரு. நான் ஒன்னும் சொல்லல." நிறுத்தி, நேராகப் பார்த்தாள். "பொய் சொல்லக்கூடாது. நல்லா வேணும்னு நெனச்சேன். நீ போயி பேசுய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. அது எம்மேல உள்ள தப்புதான்."

புஷ்பவள்ளி அப்படியே நின்றாள். கதவு வரைக்கும். எத்தனையோ தடவை, இருட்டிய பிறகு அறைக்கு வெளியே செருப்பில்லாத காலடி வந்து நின்றிருக்கிறது. கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் மறுபடி குனிந்தபோது விளக்குமாறு தரையில் பதியவில்லை. ஒரே இடத்தில் காற்றில் அசைந்தது.

செல்லம் எழுந்து வந்தாள். "குடு" என்றாள். புஷ்பவள்ளி விடவில்லை. "குடும்மா" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். தோளைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீதியிருந்த வாளித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு, கூடத்தின் உள் மூலையிலிருந்து நீளமாக, நிதானமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். பூவும் அரிசியும் தண்ணீரோடு புரண்டு வந்தன.

நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"காலத் தூக்கு."

புஷ்பவள்ளி இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள். தண்ணீர் நாற்காலிக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளிப்பட்டு, வாசலை நோக்கிப் போனது. அது முழுவதும் போய்த் தீரும்வரை காலைக் கீழே வைக்காமல் இருந்தாள்.